அயிரையும் வைகை மணலும்: ஒரு சிறுமீனின் வழியே மதுரைச் சமவெளியின் வரலாறு

முன்னுரை

மதுரை மீனோடு பிணைந்த நகரம். பாண்டியரின் கொடியிலும் காசுகளிலும் இணைக்கயல்கள் பொறிக்கப்பட்டன. நகரின் நடுவே கோயில்கொண்ட அம்மனின் பெயருக்கும் கயல்போன்ற கண்ணுடையாள் என்றே பொருள் கூறுவர். ஆயினும் கயல் அரசரின் மீன். சிற்பியும் புலவரும் போற்றிய மீன். இச்சமவெளியின் எளிய மக்கள் வாய்க்காலிலும் வயல்மடையிலும் துணியைப் பிடித்து அரித்தெடுத்துக் குழம்பு வைத்து உண்ட மீன் வேறொன்று. அதற்குக் கொடியுமில்லை, காசுமில்லை. அதன் பெயர் அயிரை.

நம் நாட்டு வரலாறு பெரும்பாலும் பெரியவற்றைப் பற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசர், போர், கோயில், அணை ஆகியவை ஏடுகளை நிரப்புகின்றன. இவற்றை நாம் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை. எனினும் ஒரு நிலத்தில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், அந்நிலம் எவ்வாறு மாறியது என்பதை அறிய விரும்புவோர் சிறியவற்றையும் நோக்கவேண்டும். இக்கட்டுரை மீனியல் ஆராய்ச்சியன்று. அயிரைக்குப் பெயரிட்டவர் யார், அதைப் பிடித்து உண்டவர் யார், வைகையில் அது அரிதானது ஏன் என்னும் மூன்று வினாக்களுக்கு வரலாற்றில் விடை காண முயல்கிறது. இம்மூன்று விடைகளும் ஒரே பொருளில், அதாவது மணலில், வந்து சேர்வதை வாசகர் காண்பர்.

1. மணலின் மீன்

அயிரை ஒரு விரல் நீளத்தை எட்டுவதே அரிது. மெலிந்து நீண்ட உடல், வெளிறிய மணல்நிறம், அதன்மேல் பழுப்புநிறப் புள்ளிகள். வாயைச் சுற்றிச் சிறு மீசைகள் உள்ளன. கண்ணுக்குக் கீழே மடக்கவும் நிமிர்த்தவும் கூடிய நுண்ணிய முள் ஒன்று உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமே இம்மீன் இயற்கையாக வாழ்கிறது. உலகப் பரப்பை நோக்க இது மிகச் சிறிய எல்லை.

ஆழமற்று மெல்ல ஓடும் நீரும், அடியில் நுண்மணலும் இருக்குமிடமே அதன் இருப்பிடம். ஆபத்தை உணர்ந்த மாத்திரத்தில் மணலுக்குள் புதைந்து மறைந்துவிடும். மணலை வாயில் வாங்கி, அதிலுள்ள சிற்றுயிர்களை உட்கொண்டு, மணலைச் செவுள்வழியே வெளியேற்றும். கோடையில் நீர் குறைந்து உயிர்வளி குன்றும்போது, மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிக் குடலின் வழியே சுவாசிக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு. ஆண்டில் சில மாதம் பெருகிப் பல மாதம் வற்றிக் கிடக்கும் வைகை போன்ற ஆற்றுக்கு ஏற்ற உயிர் இதுவே எனலாம்.

இம்மீனுக்கும் மணலுக்கும் உள்ள உறவை மதுரையின் அடுக்களைகள் நன்கு அறியும். அயிரையை உயிருடனேயே வாங்குவர். பாலிலோ தேங்காய்ப்பாலிலோ சிறிது நேரம் விட்டுவைப்பர். அப்போது அது தான் உட்கொண்ட மணலையெல்லாம் கக்கிவிடும். பின்னர் உப்பிட்டு உரசிக் கழுவி, அறுக்காமல் முழுமீனாகவே கொதிக்கும் புளிக்குழம்பில் இடுவர். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகள் கற்ற இம்முறை, மீனின் உடலமைப்பைக் கூர்ந்து கண்ட அறிவின் பயனாகும்.

மொழியும் இவ்வுறவை அறிந்திருக்கிறது. அயிர் என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்கு நுண்மணல் என்பது பொருள்களுள் ஒன்று. அச்சொல்லின் அடியாகவே அயிரை என்னும் பெயர் பிறந்தது எனக் கருத இடமுண்டு. அங்ஙனமாயின், இம்மீனுக்கு முதன்முதல் பெயரிட்டவர்கள் அதன் உருவத்தையோ சுவையையோ நோக்கிப் பெயரிடவில்லை. அது வாழும் இடத்தை நோக்கியே பெயரிட்டனர். மணலின்றி இம்மீன் இல்லை என்னும் உண்மை அதன் பெயரிலேயே அடங்கியுள்ளது.

2. நாரை தேடிய இரை

சங்கப் பாடல்களில் அயிரை இடம்பெறுகிறது. குறுந்தொகையின் 128-ஆம் பாடலில் பரணர் ஒரு முதிய நாரையைக் காட்டுகிறார். கீழ்க்கடற்கரையில் பறக்கும் ஆற்றல் இழந்து கிடக்கும் அந்நாரை, மேற்குக் கரையிலுள்ள சேரனின் தொண்டித் துறையில் கிடைக்கும் அயிரையை நினைத்து ஏங்குகிறது. எட்டாத காதலுக்கு இதை அவர் உவமையாக்கினார். அதே நூலின் 178-ஆம் பாடலில் நெடும்பல்லியத்தை என்னும் புலவர் அயிரை பரவிய குளிர்ந்த பொய்கையைக் காட்டுகிறார். அதில் இறங்கி ஆம்பல் பறிப்போர், நீரின் நடுவே நின்றுகொண்டே நீர்வேட்கை கொள்கின்றனர். இவ்வுவமையை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் நினைவுகூர்வோம்.

இவ்விரு பாடல்களிலும் அயிரை அரிய பொருளன்று. நீர்நிலை உயிரோட்டமாக உள்ளது என்பதற்கு அடையாளம். அயிரையைத் தூண்டிலில் இட்டு வராலைப் பிடிப்பது என்னும் கருத்துடைய பழமொழி, பழமொழி நானூறு தொகுக்கப்பட்ட காலத்திலேயே வழக்கிலிருந்தது. சிறிதைக் கொடுத்துப் பெரிதைப் பெறுவதற்கு அயிரையே அளவுகோலாயிற்று. விலை மதிக்கத் தகாத அளவுக்கு அது மலிந்திருந்தது என்பதே இதன் பொருள்.

மதுரையின் தலபுராணமாகிய திருவிளையாடற் புராணத்திலும் ஒரு நாரை வருகிறது. 'நாரைக்கு முத்தி கொடுத்த படலம்' கூறும் கதையில், மழை பொய்த்துத் தான் வாழ்ந்த குளம் வற்றியமையால் இரையிழந்த நாரை இறுதியில் மதுரைக்கு வருகிறது. பொற்றாமரைக் குளத்து மீன்களைக் கண்டும் அவற்றை உண்ணாது நோன்பிருந்து முத்தி பெறுகிறது. இனி அக்குளத்தில் மீன்கள் இல்லாதிருக்க வேண்டும் என்றும் வரம் கேட்கிறது. சமயப் பொருள் எவ்வாறாயினும், இக்கதை வரலாற்று மாணவருக்கு ஒன்றை உணர்த்துகிறது. குளம் வற்றுதலும், அதனால் மீனும் பறவையும் இடம்பெயர்தலும் இச்சமவெளி மக்களின் பட்டறிவில் ஆழப் பதிந்திருந்தன. வறட்சி அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் மழை வந்ததும் குளம் மீண்டும் நிறையும், மீன் மீண்டும் ஏறும் என்னும் நம்பிக்கையும் அவர்களுக்கு இருந்தது.

3. இரு பெயர்கள்

ஆதியாகமத்தின் 2-ஆம் அதிகாரம் ஆதாம் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பெயரிட்டதைக் கூறுகிறது. அங்கே மீன்கள் குறிப்பிடப்படவில்லை. மீன்களுக்குப் பெயரிடும் பணி, அவற்றோடு வாழ்ந்த மக்களுக்கே விடப்பட்டது போலும். தமிழ்நாட்டு மீன்களின் பெயர்கள் ஐரோப்பிய அறிவியல் நூல்களை அடைந்த வரலாற்றில் அருட்பணியாளர்களுக்கு ஒரு பங்கு உண்டு.

தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு தொடங்கிய சீர்திருத்தத் திருச்சபை அருட்பணிக்கு, 1771-இல் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் வந்து சேர்ந்தார். 1813-இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். பள்ளிகளை நடத்தியதோடு, கடலிலும் குளங்களிலும் கிடைத்த மீன்களைச் சேகரித்துப் பெர்லின் நகரில் வாழ்ந்த யூத மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்க்கஸ் எலியேசர் பிளாக்கிற்கு அனுப்பிவைத்தார். பிளாக் 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு பகுதிகளாக வெளியிட்ட மீன் நூலில் தரங்கம்பாடி மீன்கள் பல இடம்பெற்றன. ஜானின் நினைவாக ஒரு மீன் பேரினத்துக்கு ஜானியஸ் என்று அவர் பெயரிட்டார். அப்பேரினத்து மீன் ஒன்றின் அறிவியல் பெயரில் 'கருத்த' என்னும் தமிழ்ச்சொல் இன்றும் நிற்கிறது. பிளாக் இறந்தபின் 1801-இல் ஷ்னைடர் நிறைவு செய்து வெளியிட்ட நூலில், ஆரல் மீன் அதன் தமிழ்ப்பெயராலேயே பதிவாயிற்று. ஜானின் உடன் ஊழியரும் தாவரவியல் அறிஞருமான ராட்லர், பிற்காலத்தில் தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தார். உயிர்களைத் திரட்டுதலும் சொற்களைத் திரட்டுதலும் அவர்களுக்கு ஒரே பணியின் இரு கூறுகளாயிருந்தன.

ஆரலுக்குக் கிடைத்த வாய்ப்பு அயிரைக்குக் கிடைக்கவில்லை. அதன் அறிவியல் பெயர் வேறு வழியில் வந்தது. 1846-இல் பாரிசு நகரில் வலென்சியன் என்னும் அறிஞர் இம்மீனை விவரித்து அதற்குத் 'தெர்மாலிஸ்' என்று பெயரிட்டார். வெந்நீருக்குரியது என்பது அதன் பொருள். இலங்கையில் திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு அவர் விவரித்தமையே இதற்குக் காரணம். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் தோற்றுவித்தவை என்று ஈழத்துச் சைவர் போற்றும் அதே ஏழு கிணறுகள்தாம் அவை. பின்னர் 1863-இல், படாவியாவில் பணியாற்றிய டச்சுப் படைமருத்துவர் பிளீக்கர் வகுத்த 'லெபிடோசெபாலிக்திஸ்' என்னும் பேரினத்தில் இம்மீன் சேர்க்கப்பட்டது. தலையில் செதிலுடைய மீன் என்பது அச்சொல்லின் பொருள்.

ஆகவே அயிரைக்கு இரு பெயர்கள் உள்ளன. ஒன்று, தற்செயலாக எங்கே கிடைத்ததோ அவ்விடத்தைக் குறிக்கிறது. மற்றொன்று, எங்கே வாழ்கிறதோ அவ்விடத்தைக் குறிக்கிறது. வெந்நீரூற்றையே காணாத கோடிக்கணக்கான அயிரைகள் ஆற்றிலும் கண்மாயிலும் வாழ்ந்தன. எனினும் உலகம் அவற்றை வெந்நீர் மீன் என்றே ஏட்டில் எழுதிற்று. அறிவியலின் குற்றமன்று இது. முதல் மாதிரி கிடைத்த இடத்தைப் பெயராக்குவது அதன் வழக்கங்களுள் ஒன்று. ஆனால் ஒரு மீனைக் காக்க எண்ணுவோருக்கு எந்தப் பெயர் வழிகாட்டும் என்று கேட்டால், மணலைச் சுட்டும் தமிழ்ப்பெயரே என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

4. கண்மாயும் மீன்பாசியும்

வைகை ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு. வருசநாட்டு மலையில் தோன்றி, கம்பம் பள்ளத்தாக்கின் நீரையும் ஏற்று, மதுரையைக் கடந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நோக்கிச் செல்கிறது. வழியெங்கும் கால்வாய்கள் அதன் நீரைக் கண்மாய்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்நீர் அடுத்த கண்மாயைச் சேரும். மாடக்குளம், வண்டியூர், நிலையூர், தென்கரை முதலிய கண்மாய்கள் இவ்வாறு பயன்பட்டவையே. உழவனின் கண்ணுக்கு இது பாசன அமைப்பு. மீனின் கண்ணுக்கோ ஆற்றையும் குளத்தையும் வயலையும் இணைக்கும் ஒரே நீர்வழி. புதுவெள்ளம் வரும்போது மீன்கள் நீரை எதிர்த்து ஏறும். வாய்க்காலில் துணியும் கூடையும் வைத்து அரிக்கும் சிறுவருக்கும் பெண்களுக்கும் அதுவே அறுவடைக்காலம்.

கண்மாய் மீனுக்கும் ஆட்சிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. இடைக்காலக் கல்வெட்டுகளில் மீன்பிடி உரிமைக்குரிய வரி, பாசிப்பாட்டம் என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. அவ்வருவாயை ஏரியைத் தூர்வாரிச் செப்பனிடும் பணிக்கு ஒதுக்கிய செய்திகளும் கல்வெட்டுகளில் உண்டு. இவ்வேற்பாட்டின் பொருளாதார அறிவை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். குளத்தின் மீனே குளத்தைக் காத்தது. மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களில் மீன்பிடி உரிமையை மக்கள் இன்றும் 'மீன்பாசி' என்றே வழங்குவது அப்பழஞ்சொல்லின் எச்சமாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மீன்பாசி ஏலத்துக்கு உரியதாகி, குளப் பராமரிப்போடு அதற்கிருந்த பிணைப்புத் தளர்ந்தது. ஊரார் கூடிச் செய்துவந்த குடிமராமத்தும் நலிந்தது. அதைச் சட்டத்தால் நிலைநிறுத்த 1858-இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியதே அந்நலிவுக்குச் சான்று. வழக்கம் உயிரோடிருக்கும் இடத்தில் சட்டத்துக்குத் தேவையில்லை. இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்ட மருத்துவர் பிரான்சிஸ் டே, அதற்குமுன் 1873-இல் நன்னீர் மீன்வளம் குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நுண்கண் வலைகளால் மீன்குஞ்சுகள் அழிவதை அதில் எடுத்துரைத்தார். வெடியாலும் நஞ்சாலும் மீன்பிடிப்பதைத் தண்டிக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. இவை பயனுள்ள முயற்சிகளே. எனினும் அரசின் நோக்கில் சிறுமீன் என்பது பெரும்பாலும் பெருமீனின் குஞ்சாகவே இருந்தது. குஞ்சாகவும் இன்றி, வளர்ந்து பெரிதாவதும் இன்றி, சிறிதாகவே வாழ்ந்து ஏழைகளுக்கு உணவாகும் அயிரை போன்ற மீனைக் காக்க அந்நோக்கில் இடம் குறைவு.

அரசேடுகளில் இடம்பெறாத ஒரு வழக்கம் ஊர்களில் நிலைத்து நின்றது. அறுவடை முடிந்து கண்மாயில் நீர் வற்றும் காலத்தில், மேலூர், சிங்கம்புணரி முதலிய பகுதிகளிலுள்ள ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடைபெறும். குறித்த நாளில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத்துணியை வீசுவார். அதுவரை காத்திருந்த மக்கள் ஊத்தா, கச்சா, தூரி, வலை ஆகியவற்றுடன் ஒருங்கே கண்மாயில் இறங்குவர். கிடைத்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து உறவினரோடு பகிர்ந்து உண்பதே மரபு. இவ்வழக்கம் இன்றும் பல ஊர்களில் தொடர்கிறது. கண்மாய் ஒரு தனியாளின் உடைமையன்று, ஒரு நாளேனும் அது அனைவருக்கும் உரியது என்பதை அறிவிக்கும் விழா இது.

5. இரு அணைகள்

தாது ஆண்டுப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிற்கும் 1876-78-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் மதுரைச் சமவெளியைக் கடுமையாகத் தாக்கிற்று. மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. திருவிதாங்கூர் அரசுடன் 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுக்கின் தலைமையில் 1887-இல் தொடங்கிய அணைப்பணி, காட்டாற்று வெள்ளத்தையும் நோயையும் கடந்து நிறைவுற்றது. 1895 அக்டோபர் 10-ஆம் நாள் ஆளுநர் வென்லாக் அதனைத் திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த நீர் சுருளியாற்றில் கலந்து வைகையை அடைந்தது. பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் அதனை மேலூர்ப் பகுதிவரை கொண்டு சென்றது. பல்லாயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இது சோறளித்த பணி. தேனி மாவட்டத்தில் பென்னிகுக்கின் படத்தை இல்லங்களில் வைத்து மக்கள் நன்றி கூறுவது இயல்பே.

விடுதலைக்குப்பின் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை கட்டப்பெற்று, 1959 ஜனவரி 21-ஆம் நாள் முதலமைச்சர் காமராசரால் திறந்துவைக்கப்பட்டது. 71 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கும் இவ்வணை, மதுரைக்குக் குடிநீரும் பாசனநீரும் தரும் ஊற்றாயிற்று.

இவ்வணைகளின் நன்மையை மறுப்போர் யாருமில்லை. ஆனால் வரலாறு எழுதுவோர் ஒரு கணக்கின் இரு பக்கங்களையும் காட்டவேண்டும். அணை நீரைத் தேக்கும்போது நீரோடு வரும் மணலையும் தேக்குகிறது. முன்பு ஒவ்வொரு வெள்ளமும் மலையிலிருந்து புது மணலைக் கொணர்ந்து பழைய மணலைக் கழுவிச் சென்றது. அணைக்குக் கீழே அவ்வரவு குன்றியது. நீர் திறக்கப்படும் நாளும் அளவும் பொறியாளரின் அட்டவணைப்படி அமைந்தன. பருவத்தை நம்பி ஏறியும் இறங்கியும் வாழ்ந்த மீனுக்கு ஆற்றின் பழைய நாள்காட்டி மாறிப்போயிற்று. இருப்பினும் அயிரை அழிந்துவிடவில்லை. ஏனெனில் ஆற்றுப்படுகையில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மணல் அப்போதும் இருந்தது, கண்மாய்களும் இருந்தன.

6. மணல் போனபின்

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இவ்விரண்டும் தேய்ந்தன. மதுரை நகரம் நான்கு திசையிலும் வளர்ந்தபோது, நீர்நிலைகளே எளிதில் கிடைத்த நிலமாயின. பேருந்து நிலையமும் குடியிருப்பும் அலுவலகமும் கண்மாய்ப் பரப்புகளில் எழுந்தன. 2004-இல் தொடங்கிய சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் வளாகமே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் அமைந்துள்ளது. நகரின் தென்பகுதியில் ஓடிய கிருதுமால் நதி சாக்கடையாக மாறிற்று. வைகையிலும் நகரின் கழிவுநீர் கலந்தது. தெளிநீரையும் தூய மணலையும் நாடும் மீனுக்கு அங்கே இடமில்லை.

மணலோ ஆற்றிலிருந்து நகரத்தின் சுவர்களுக்குள் சென்றது. செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய காலம் மாறிச் சிமெண்டுக் கட்டடங்கள் பெருகியபோது, ஆற்றுமணலின் தேவை எல்லையற்று வளர்ந்தது. மாட்டுவண்டியில் சென்ற மணல் லாரிகளில் செல்லத் தொடங்கிற்று. 2003-இல் தமிழ்நாடு அரசு ஆற்றுமணல் அள்ளும் உரிமையைத் தனியாரிடமிருந்து நீக்கித் தானே ஏற்றது. ஆயினும் படுகைகள் பள்ளங்களாவது நிற்கவில்லை. களிமண்ணும் முட்புதரும் ஆகாயத்தாமரையும் மணலின் இடத்தைப் பிடித்தன. வீடு கட்டியவர் எவரும் மீனை அழிக்க எண்ணியவரல்லர். நாம் வாழும் வீட்டின் சுவரிலேயே அயிரையின் வீடும் பூசப்பட்டுள்ளது என்பதை நாம் அறிந்திருக்கவில்லை.

இதே காலத்தில் கண்மாய்களுக்குப் புதிய மீன்கள் வந்தன. மக்கள் ஜிலேபி மீன் என்று அழைக்கும் ஆப்பிரிக்கத் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வட இந்திய ஆறுகளின் கட்லாவும் ரோகுவும் குத்தகைக் கண்மாய்களில் குஞ்சுகளாக விடப்பட்டன. மலிவான புரத உணவைப் பெருக்குவதே இதன் நோக்கம். அந்நோக்கம் ஓரளவு நிறைவேறியது. ஆனால் எடைக்கு எடை கணக்கிடும் மீன்வளர்ப்பில், விரல் நீளமுள்ள அயிரைக்கு மதிப்பெண் இல்லை.

விளைவை மதுரையின் மீன் சந்தைகளில் காணலாம். பழமொழியில் மலிவுக்கு அளவுகோலாயிருந்த அயிரையின் விலை இன்று ஆட்டிறைச்சியின் விலையையும் தாண்டுகிறது. உணவு விடுதிகள் அயிரைக் குழம்பைத் தம் சிறப்பு உணவாக விளம்பரம் செய்கின்றன. வாய்க்காலில் இலவசமாக அரித்து உண்டவரின் பேரப்பிள்ளைகள், அதனை விலைகொடுத்து வாங்க இயலாத நிலையில் உள்ளனர். ஒரு பொருள் அரிதாகும்போது அதன் புகழ் வளர்கிறது. அதற்கு உரியவராயிருந்தோர் அதனை முதலில் இழக்கின்றனர்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கவேண்டும். அயிரை உலகிலிருந்து மறைந்துவிடவில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது இன்னும் வாழும் இடங்கள் பல; உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவு அச்சம் குறைந்த இனமாகவே அது வைக்கப்பட்டுள்ளது. ஆகவே இதைக் குறித்து உலகளாவிய அபாயக்குரல் எழுப்புவது பொருந்தாது. ஆனால் ஓர் இனம் உலகில் எஞ்சியிருப்பது வேறு. ஓர் ஊர் தன் மீனை இழப்பது வேறு. பட்டியல் முன்னதையே கணக்கிடும். பின்னதைக் கணக்கிடவேண்டியது வரலாறு.

முடிவுரை

நாம் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் விடை கண்டோம். அயிரைக்குப் பெயரிட்டோர் அதன் மணலை அறிந்த மக்கள். வெந்நீரைச் சுட்டும் பெயர் பின்னர் வந்தது. அதைப் பிடித்து உண்டோர் ஏட்டில் இடம்பெறாத எளியோர். வைகையில் அது அரிதானது பகைவரால் அன்று. பசி தீர்க்கவும் வீடு கட்டவும் நாம் செய்த நற்பணிகளின் கவனிக்கப்படாத பக்கத்தால்.

இவ்வரலாறு நம் முன் ஒரு கடமையை வைக்கிறது. தரங்கம்பாடியில் ஜான் செய்ததுபோல் மீன்களைப் பெட்டியிலிட்டுப் பெர்லினுக்கு அனுப்பும் தேவை இன்றில்லை. ஆனால் அவர் கொண்டிருந்த கவனம் தேவை. நம் ஊர்களில் எந்தக் கண்மாயில் எந்த மீன் இருந்தது, மீன்பாசிப் பணம் எதற்குச் செலவாயிற்று, எந்த ஆண்டோடு வாய்க்காலில் அயிரை ஏறுவது நின்றது என்பவற்றை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். கிராமங்களில் பணியாற்றும் ஆயர்களும் ஆசிரியர்களும் அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தால், எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத வரலாறு நமக்குக் கிடைக்கும். பழைய பாசிப்பாட்டத்தின் நெறி, அதாவது குளத்தின் வருவாய் குளத்துக்கே என்னும் நெறி, இன்றைய ஊராட்சிகளும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

நெடும்பல்லியத்தையின் பொய்கையில் ஆம்பல் பறித்தவர்கள் நீரின் நடுவே நின்றும் நீர்வேட்கை கொண்டனர். அவர்களைச் சுற்றி அயிரை பரவியிருந்தது. வைகைப் பாலத்தின்மேல் நின்று கீழே நோக்கும் மதுரைவாசிக்கும் இன்று அதே வேட்கைதான். ஆற்றின் நடுவே நின்றும் ஆற்றைத் தேடுகிறான். ஆனால் அவனுக்குக் கீழே அயிரை இல்லை; அயிரும் இல்லை.